குடியை விட்டுவிட்டு வா என்றார்கள்

நான் என் வேலையில் கெட்டிக்காரி. இருபத்தேழு வயதிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்து, உளவியல் படித்து, தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரு கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவர் ஆலோசகராகச் சேர்ந்தேன். அந்தக் கல்லூரியில் அப்படி ஒரு பதவி அதுவரை இருந்ததில்லை. நூலகத்தை ஒட்டி, பழைய வினாத்தாள் கட்டுகளைப் போட்டுவைத்திருந்த ஓர் அறையை எனக்காகக் காலி செய்து கொடுத்தார்கள். கதவில் ‘கவுன்சலிங்’ என்று ஒரு பலகை மாட்டினார்கள்.

முதல் இரண்டு மாதம் வந்தவர்கள் எல்லாரும் எம்.சி.ஏ. சேர என்ன செய்ய வேண்டும், அமெரிக்கா போக என்ன பரீட்சை எழுத வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் அந்தக் கதவைத் தட்டவில்லை.

முதல் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் வேதியியல் துறைத் தலைவர். இரண்டு தலைமுறையாக காக்ஸ் டவுனில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. கறாரான மனிதர் என்று பெயர் எடுத்தவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண், புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“மேடம், இந்தப் பொண்ணு லேபுக்குக் குடிச்சிட்டு வந்திருக்கா. காலைல பத்து மணி! பக்கத்துல பர்னர் எரியுது, இவ மேஜை மேல தலைய வச்சுத் தூங்கறா. யார் மேலயாவது ஆசிட் கொட்டியிருந்தா நான்தான் பதில் சொல்லணும். பிரின்சிபால் உங்ககிட்ட ரிப்போர்ட் கேட்டிருக்கார். இவ அடிக்டா இல்லயா, அவ்வளவுதான். அத எழுதிக் குடுத்தா மேல பாத்துக்கலாம்னார்.”

அவர் போய்விட்டார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வயது, பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, தொம்மலூரில் வீடு. அப்பா மாநில அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா பள்ளிக்கூட டீச்சர். இதையெல்லாம் கேட்டதற்கு மட்டும் பதிலாகச் சொன்னாள். வாயில் புதினா மிட்டாய் வாசனை.

அந்த வருஷங்களில் பிரிகேட் ரோடு பக்கத்து பப்புகள் முற்பகலிலேயே திறந்துவிடும். இரண்டாவது வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு பையன்கள் கூட்டமாகப் போவார்கள். அது எல்லா லெக்சரர்களுக்கும் தெரியும். பையன் குடித்தால் வயசுக் கோளாறு என்று சிரித்துவிடுவார்கள். பெண் குடித்தால் நடத்தை சரியில்லை என்பார்கள். உடம்புக்கு வருவது மாதிரி இது ஒரு நோயாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

“எப்பவாச்சும்தான் மேடம். சும்னே, ஃப்ரெண்ட்ஸ் கூட” என்றாள். ‘சும்மா’ என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கன்னடத்தில் ‘சும்னே’ என்றுதான் சொல்வார்கள்.

“இன்னிக்குக் காலைல எந்த ஃப்ரெண்ட்ஸ் இருந்தாங்க?”

பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “யாரும் இல்ல. அப்பா அலமாரிலேர்ந்து எடுத்தேன். ஜூஸ் பாட்டில்ல ஊத்திட்டு வந்து பஸ்ல குடிச்சேன்.”

“காலைல எத்தன மணிக்கு எழுந்த?”

“மூணு மணிக்கே முழிப்பு வந்துடும். டெய்லி அப்படித்தான். சும்மா படுத்துட்டிருப்பேன்.”

சாப்பாடு பிடிப்பதில்லை. குளிப்பதே மலை மாதிரி வேலையாக இருக்கிறது. முன்னால் கிரிக்கெட் மேட்ச் என்றால் டி.வி. முன்னாலிருந்து எழமாட்டாள், இப்போது யார் ஜெயித்தார்கள் என்றுகூடத் தெரியாது. நான் பேனாவைக் கீழே வைத்தேன். படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், இந்த இடத்தில் சுற்றிவளைக்கக் கூடாது என்று. நேராகக் கேட்டேன்.

“செத்துப் போயிடலாம்னு தோணுதா?”

அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். “தோணும் மேடம். எதுவும் பண்ணிக்கணும்னு இல்ல. காலைல எழுந்திரிக்காமயே இருந்துட்டா நல்லாருக்கும்னு. அவ்வளவுதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத யாரும் இப்படிக் கேட்டதில்ல” என்றாள்.

அன்று அவளோடு இரண்டு மணி நேரம் இருந்தேன். அந்த நினைப்பு கூடினால் யாருக்கு உடனே ஃபோன் செய்வது என்று சேர்ந்து எழுதிவைத்தோம். அது எண்ணத்தைத் தாண்டிப் போனால் வீட்டுக்குச் சொல்லாமல் இருக்கமாட்டேன், மற்றபடி இந்த அறையில் பேசியது வெளியே போகாது என்றேன். அவள் ஒத்துக்கொண்டாள். தூக்கம் வராததை மட்டும் அன்றே அம்மாவிடம் சொல்லச் சம்மதித்தாள். குடியைப் பற்றி இப்போது வேண்டாம் என்றாள்.

அடுத்த வாரம் அவளைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனேன். குடிநோய்ப் பிரிவில் பெஞ்சு முழுக்க நாற்பது, ஐம்பது வயது ஆண்கள். பக்கத்தில் அவரவர் மனைவிகள். அவள் என் புடவைத் தலைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாத குறை. டாக்டர் நல்லவர், களைத்துப் போயிருந்தார். அவளிடம் கால் மணி நேரம் பேசிவிட்டு, “இது டிப்ரெஷன் மேடம். குடியெல்லாம் ரெண்டாவதுதான். எதிர் பில்டிங்குக்குப் போங்க” என்றார்.

எதிர்க் கட்டடத்தில் இன்னொரு டாக்டர். அவரும் நல்லவர்தான். “குடிச்சிட்டிருக்கறப்ப இது டிப்ரெஷனா, குடியோட விளைவான்னு எப்படிச் சொல்றது? மொதல்ல ரெண்டு மாசம் குடிய விட்டுட்டு வரட்டும். அப்புறம் பாக்கலாம்.”

அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அப்படித்தான் படித்திருந்தேன். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடு என்பதுதான் அப்போது எங்களுக்குக் கிடைத்த பாடம். ஆஸ்பத்திரி வாசலில் மிளகாய்த்தூள் தூவிய வெள்ளரிக்காய் வாங்கி இருவரும் நின்றுகொண்டே தின்றோம். திடீரென்று அவள் சிரித்தாள்.

“ரெண்டு மாசம் என்னால விட முடியும்னா, நான் எதுக்கு மேடம் இங்க வரப்போறேன்?”

திரும்பி வரும்போது ஆட்டோவில் முடிவு செய்தேன். இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பது. யாராவது தப்பு என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

ஆனால் மருந்து என் வேலை இல்லை. ஜீவனஹள்ளியில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே மனநல மருத்துவர் ஒருவர் புதிதாகக் கிளினிக் திறந்திருந்தார். என் வயசுதான் இருக்கும். அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தினமும் குடிப்பதை அவரிடம் ஒத்துக்கொண்டாள். அவர் அவளைப் பரிசோதித்துவிட்டு, அவள் குடிக்கும் அளவுக்கு நிறுத்தினால் பெரிய ஆபத்து வராது, கை நடுங்கலாம், தன் கண்பார்வையில் குறைக்கட்டும் என்றார். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும் என்று அவளிடமே சொன்னார். குடித்துக்கொண்டே மாத்திரை போட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு என்னிடம், “வாரா வாரம் நாம ரெண்டு பேரும் ஃபோன்ல பேசிக்குவோம் மேடம். அவ உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டிய அவசியம் வரக் கூடாது” என்றார்.

என் பங்குக்கு அவளுக்கு ஒரு நோட்டு கொடுத்தேன். மணிக்கு மணி என்ன செய்தாள், மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க், குடித்தாளா, குடிக்க வேண்டும் என்று தோன்றியதா. இவ்வளவுதான் எழுத வேண்டும். முதல் வாரம் பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டு வந்தாள். எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு.

“இத பஸ்ல உக்காந்து ஒரே மூச்சுல எழுதினியா?”

“நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கலாம் மேடம்” என்றாள். அடுத்த வாரத்திலிருந்து எழுத்து ஒழுங்கில்லாமல் வந்தது. சில நாள் ஒரே ஒரு வரி. அதை நம்பினேன்.

மூன்றாவது வாரம் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைப் பேசவே விடவில்லை.

“இங்க பாருங்க மேடம். நான் சோகமா இருக்கறதுனாலதான் குடிக்கறேன்னு நினைச்சிட்டிருந்தேன். புதன்கிழம குடிச்சிருக்கேன். வியாழன் ரெண்டு மார்க். வெள்ளி ஒரு மார்க். திரும்ப சனிக்கிழம குடி. ஞாயிறு, திங்கள் ரெண்டும் பூஜ்யம். குடிச்ச அன்னிக்கு ரெண்டு மணி நேரம் நல்லாருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் அடி வாங்கறேன்.”

எனக்கு அது முன்பே தெரியும். ஆனால் நான் சொல்லியிருந்தால் அது இன்னொரு அறிவுரை. அவள் கண்டுபிடித்ததால் அது அவளுடைய பொருள். இதன் மறுபாதியும் அந்த நோட்டில் இருந்தது. ஒரு துளி குடிக்காத நாளிலும் சும்மாவே ஒரு மார்க், இரண்டு மார்க் வந்து நின்றது. சோர்வு குடியைக் கூப்பிட்டது, குடி சோர்வைக் கூட்டியது. இதில் ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இழுத்திருந்தால் மற்றது அவளைக் கீழே தள்ளியிருக்கும்.

நோட்டு இன்னொன்றும் காட்டியது. சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் ஆபத்து. கல்லூரி முடிந்து வீட்டுக்கு வருவாள். அம்மா வர ஆறாகும். அப்பா சாயங்கால நடைக்குப் போய்விடுவார். வீட்டில் அவளும் அலமாரியும். அந்த இரண்டு மணி நேரத்தை எங்கேயாவது கழிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்பு, லைப்ரரி என்று நான் பட்டியல் போட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எதையும் செய்யவில்லை. கடைசியில் அவளே அல்சூர் பக்கம் நீச்சல் குளத்தில் பெண்களுக்குத் தனி பேட்ச் இருப்பதைப் பார்த்து வந்து சொன்னாள்.

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது. அதான் மேடம். தண்ணில மூழ்காம இருக்கறதே பெரிய வேலை. வேற எதையும் யோசிக்க முடியாது.”

அங்கே கோச்சாக ஒரு பெரிய உருவத்து அம்மாள். கரையில் நின்றுகொண்டு, “கால் ஹொடி! கால் ஹொடி!” என்று கத்துவாராம். காலை அடி என்பதைத் தவிர வேறு எந்தத் தத்துவமும் அவரிடம் கிடையாது என்று இவள் என் அறையில் நின்று நடித்துக் காட்டினாள். நோட்டில் முதல் தடவையாக ஆறு மார்க் வந்தது அன்றைக்குத்தான். அந்தச் சமயத்தில் மாத்திரையும் பிடிக்க ஆரம்பித்திருந்தது. விடியற்காலை ஐந்து வரை தூங்கினாள். குடி வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு நின்றது. ஐந்து வாரம் நின்றது.

இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன்.

ரிப்போர்ட் எங்கே என்று பிரின்சிபால் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என்னையும் அவளையும் துறைத் தலைவரையும் ஒன்றாகக் கூப்பிட்டுவிட்டார். உள்ளே போய் நின்றதும், “எந்த முன்னேற்றமும் இல்லை போலிருக்கிறதே” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் கெட்டிக்காரி அல்லவா? “ஐந்து வாரமாக ஒரு சொட்டு இல்லை, சார்” என்றேன். சொல்லும்போது என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது. பிரின்சிபால் தலையசைத்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. எட்டு நாள். வீட்டுக்கு ஃபோன் செய்தால் அம்மா எடுத்து, “காலேஜுக்குத்தான் போயிருக்கா, ஏன் மேடம்?” என்று கேட்டார். என்னைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன். ஜீவனஹள்ளி டாக்டருக்கு ஃபோன் செய்தேன். “மாத்திரை வாங்க கீழ கடைக்கு வந்திருக்கா. மேல ஏறி வரல. மாத்திரைய நிறுத்தலைங்கறதே நல்ல விஷயம்தான்” என்றார்.

ஒன்பதாம் நாள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

“அன்னிக்கே குடிச்சேன் மேடம். நீங்க பிரின்சிபால்கிட்ட சொன்ன அன்னிக்கே.”

“ஏன் என்கிட்ட வரல?”

“எப்படி வருவேன்? நீங்க அவ்வளவு பெருமையா சொன்னீங்க. எனக்குப் பயமா போச்சு. நாளைக்குக் குடிச்சிட்டா மேடம் மூஞ்சி எப்படிப் போகும்னு அதே யோசன. அந்தப் பயத்துலயே போய்க் குடிச்சேன்.” அவள் குரல் உயர்ந்தது. “அந்த அஞ்சு வாரம் என்னுது மேடம். அத நீங்க எப்படி அவர்கிட்ட சொல்லலாம்? இங்க பேசறது வெளிய போகாதுன்னீங்க.”

அவளுக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடு” என்றேன். அவள் இதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தாள். பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

எட்டு நாளும் எழுதியிருந்தாள். ஒரு நாள் விடவில்லை. எட்டு நாளில் மூன்று நாள் குடித்திருந்தாள். இரண்டு நாள் நீச்சலுக்குப் போயிருந்தாள். ஆரம்பத்தில் தினமும் குடித்த பெண். அவள் உண்மையாக எழுத ஆரம்பித்த இரண்டாவது வாரத்துப் பக்கத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ எல்லாம் போச்சுன்னு இல்ல?” என்றாள். “இல்ல” என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் சொல்லிவிடலாம் என்று அவளே முடிவெடுத்தாள். ஒரு சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் என் அறைக்கு வந்தார்கள். நான் பேசமாட்டேன், அவள்தான் பேசுவாள் என்று முன்பே ஒப்பந்தம். அவள் சொல்லி முடித்ததும் அம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“நாங்க என்ன கொறை வச்சோம் மேடம்? யாராவது பையனா? எங்ககிட்ட சொல்லாம ஏதாவது நடந்துச்சா?”

“ஒண்ணும் நடக்கலம்மா” என்றாள் அவள். “அதான் சொல்றேன். ஒண்ணும் நடக்கல. இருந்தும் இப்படி இருக்கு.”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரி மேடம், ட்ரீட்மென்ட் முடிஞ்சா பழைய மாதிரி ஆயிடுவாளா?”

“பழைய மாதிரி வேணாம்பா. பழையதும் இப்படித்தான் இருந்துச்சு. ஒன்பதாம் க்ளாஸ்லேர்ந்து. நல்லா மார்க் வாங்கினேன்ல, அதனால உங்களுக்குத் தெரியல.”

அவர் அதிர்ந்துபோய், வீட்டில் பேசும் தமிழை விட்டு, ஆபீஸில் காலமெல்லாம் பேசிய கன்னடத்துக்குப் போனார். “ஒம்பத்தனே க்ளாஸிந்தானா?”

“ஹூம்பா.”

அம்மா அழவில்லை. “அப்பல்லாம் சாப்பிடாம படுத்துப்பா. டயட் பண்றாளாக்கும்னு நினைச்சேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அலமாரியை என்ன செய்வது என்று யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் நோட்டில் ஒரு வரி இருந்தது: ‘அலமாரி காலி. அப்பா எங்கே கொடுத்தார் என்று கேட்கவில்லை.’

மிச்சம் இருந்தது பிரின்சிபால். இந்தத் தடவை நான் எழுத்தில் கொடுத்தேன். மூன்றே வரி. மாணவி சிகிச்சைக்கு ஒழுங்காக வருகிறாள். அவளைப் பற்றிய மற்ற விவரங்கள் அவளுக்குச் சொந்தமானவை. போன தடவை நான் வாய்மொழியாகச் சொன்னதும் சொல்லியிருக்கக் கூடாது. அவர் படித்துவிட்டு, இது ரிப்போர்ட்டே அல்ல என்று மேஜையில் போட்டார். லேபில் இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் துறைத் தலைவர் முந்திக்கொண்டார்.

“லேப் என் பொறுப்பு, சார். அவ தினம் காலைல எட்டு மணிக்கு வரட்டும். நான் பக்கத்துல நிக்கறேன். மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன்.”

சொன்னபடி செய்தார். தினமும் லேப் வாசலில் அவள் வாயைக் குவித்து ஊதுவாள், அவர் மூக்கைச் சுளித்து, “இட்லி, தேங்காச் சட்னி. போ உள்ள” என்பார். இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்பினபோது திட்டவில்லை, “நாளைக்கு எட்டு மணி” என்று மட்டும் சொன்னார். விட்டுப்போன சோதனைகளை எல்லாம் அவள் செய்து முடித்தாள். ஆண்டுத் தேர்வில் ஒரு பேப்பர் போயிற்று. அக்டோபரில் எழுதித் தேறினாள்.

அந்த வருஷமே மாணவர்களுக்கு ஒரு குழு ஆரம்பித்தேன். புதன்கிழமை மூன்று மணிக்கு. குடிப்பவர்கள், மனசு இடிந்துபோனவர்கள், இரண்டும் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே அறையில். குடித்துவிட்டு வந்தவனை வெளியே அனுப்பவில்லை. காபி கொடுத்து ஓரமாக உட்காரவைத்து, மறுநாள் வரச் சொன்னோம். மற்ற கல்லூரிகளிலிருந்து ஆலோசகர்கள் வந்து பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர், இது முறையில்லை என்றார்கள். விளைவைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். எல்லாரும் தேறினார்கள் என்று சொல்லமாட்டேன். படிப்பை விட்டுப் போன பையன்கள் உண்டு, பிறகு என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாதவர்களும் உண்டு. ஆனால் குடியை விட்டுவிட்டு வா என்று அந்த அறையிலிருந்து ஒருவரையும் நான் அனுப்பியதில்லை.

அவள் எம்.எஸ்ஸி. முடித்து ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. குரலைக் கேட்டதுமே தெரிந்தது, மனசு மறுபடி கீழே போயிருக்கிறது என்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்க வேண்டியவற்றை வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டேன்.

“இருங்க மேடம், நானே சொல்லிடறேன்” என்றாள். “பத்து நாளா தூக்கம் இல்ல. சாகணும்னு தோணல, அத மொதல்ல சொல்லிடறேன். குடிக்கல, ரெண்டு தடவ தோணிச்சு. இங்க ஒரு டாக்டர நேத்தே பாத்துட்டேன். திரும்ப மாத்திரை ஆரம்பிச்சிருக்கார். கவுன்சலர் வெள்ளிக்கிழம. ரூம்மேட்டுக்கு எல்லாம் தெரியும்.”

நான் கேட்பதற்கு எதையும் அவள் மிச்சம் வைக்கவில்லை. “அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்ட?” என்றேன்.

“சும்னே” என்றாள். “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டுமேன்னு.”